ஊர் வாயிலும் அழகின் அறமும்

மனிதன் தனக்கென ஓர் உறைவிடத்தை அமைத்துக்கொண்ட நாள் முதலாக, அதன் வாயிலை வெறும் வழியாக மட்டும் விட்டுவைத்தானல்லன். வீடு எவ்வளவு எளியதாயினும் முற்றத்தை மெழுகிக் கோலமிடுவதும், நல்ல நாள்களில் படலையில் மாவிலைத் தோரணம் கட்டுவதும், வாழை நாட்டி நிறைகுடம் வைப்பதும் யாழ்ப்பாணத்து மண்வீடுகளிலுங்கூடக் காணப்பட்ட வழக்கங்களாம். வீட்டுக்குப் படலை எவ்வாறோ, ஊருக்கு அதன் எல்லையும் அவ்வாறே. நெடுஞ்சாலையிலிருந்து கிராமத்துக்குத் திரும்பும் சந்தியில் அலங்கார வளைவு எழுப்புதல், மேம்பாலங்களுக்கும் மதகுச் சுவர்களுக்கும் வர்ணந் தீட்டுதல், வீதியோரங்களில் பூமரம் நாட்டுதல் ஆகிய முயற்சிகள் இலங்கையின் பல பகுதிகளிலும் பெருகியுள்ளன. பிரதேச சபைகளும் சனசமூக நிலையங்களும் இவற்றில் ஈடுபடுகின்றன. புலம்பெயர்ந்து வாழும் ஊரவரும் பொருளுதவுகின்றனர்.

இத்தகைய முயற்சி தொடங்கும் ஊர்களில் இரண்டு குரல்கள் எழுவது இயல்பு. குடிநீருக்கு வழியில்லாத ஊருக்கு வளைவு எதற்கு என்பது ஒரு குரல். ஊரென்றால் அதற்கொரு முகம் வேண்டாமா என்பது மற்றைய குரல். இவை வெறுஞ் செலவுக் கணக்குப் பற்றிய பிணக்காகத் தோன்றினும், இவற்றின் அடியிலே பழைய மெய்யியல் வினாவொன்று கிடக்கின்றது. அழகுக்கும் அறத்துக்கும் இடையிலான தொடர்பு யாது? ஊரின் வாயில் யாருக்காக அழகுபடுத்தப்படுகின்றது? அதனைக் கடந்து செல்பவனுக்காகவா, அதனுள்ளே வாழ்பவனுக்காகவா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜேர்மனிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் கான்ற் 1790 இல் வெளியிட்ட 'தீர்ப்பாற்றல் பற்றிய விமர்சனம்' என்னும் நூலில், இவ்வினாவுக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. மாளிகையொன்றைக் காட்டி, இது அழகானதா என ஒருவனிடம் வினவுவதாகக் கொள்வோம். வாய்பிளந்து பார்ப்பதற்கென்றே எழுப்பப்பட்டவற்றைத் தான் விரும்புவதில்லை என அவன் விடையிறுக்கலாம். பாரிஸ் நகரிலே உணவுக் கடைகளைத் தவிர வேறெதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்ற இரோக்குவா இனத் தலைவனின் போக்கிலும் பேசலாம். ரூசோவின் வழிநின்று, குடிமக்களின் வியர்வையைத் தேவையற்றவற்றில் விரயஞ் செய்யும் பெரியோரின் வீண்பெருமையை இடித்துரைக்கவுஞ் செய்யலாம். இவற்றுள் எதனையும் கான்ற் மறுத்தாரல்லர். ஆயின், கேட்கப்பட்ட வினா இதுவன்று என்பதே அவர் கூற்று. பொருளின் இருப்பில் எவ்விதப் பற்றுமின்றி, காட்சியளவிலே பிறக்கும் இன்பமே அழகுத் தீர்ப்பின் அடிப்படை என்பது அவர் கொள்கையாகும்.

இப்பாகுபாடு கூர்மையானது. அக்கூர்மையே அதன் எல்லையையும் காட்டிவிடுகின்றது. வழிப்போக்கன் ஒருவன் ஊர் வளைவொன்றை நோக்கி, அது இருப்பினும் இல்லாதொழியினும் தனக்கென்ன என்ற மனநிலையில் நின்று அதன் அழகை மதிப்பிடலாம். அதனை எழுப்புவோனுக்கு அந்நிலை வாய்ப்பதில்லை. ஒரு பொருள் இருத்தல் வேண்டும் எனத் துணிபவன் அதன் இருப்பிலே பற்றுடையவனாகிவிடுகிறான். அத்துணிவுக்காக மணலும் சீமெந்தும் மனித உழைப்பும் வேறொன்றிலிருந்து விலக்கப்படுகின்றன. ஆகவே, 'இது அழகானதா?' என்பது ஒரு வினா. 'இதனை இங்கே எழுப்புதல் முறையா?' என்பது வேறொரு வினா. முதலாவதற்குக் கான்றின் விடை பொருந்தும். இரண்டாவதற்கு விடை தேடுவோர் ரூசோவிடமும் ரோல்ஸ்ரோயிடமும் செல்லவேண்டியவராவர். கலை யாது என்னும் தமது நூலை ரோல்ஸ்ரோய் அழகைப் பற்றிய வரைவிலக்கணத்தோடு தொடங்காது, இசைநாடக ஒத்திகையொன்றிலே தொழிலாளரும் கலைஞரும் வசைபாடப்படும் காட்சியோடு தொடங்கியமை இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ஓர் அழகுப் பொருளின் முன் நிற்கும்போது, அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்று கேட்கவேண்டும் என்பதே அத்தொடக்கத்தின் உட்பொருள்.

அவ்வாறாயின், வறுமை நீங்கும்வரை அழகு ஒத்திவைக்கப்படவேண்டும் என்ற முடிபுக்கு வருதல் தகுமா? தகாது. வயிறு நிறைந்த பின்னரே மனிதன் அழகை நாடுகிறான் என்பது வறியவரை அறியாதோரின் கூற்றாகும். மத்திய இந்தியாவிலுள்ள சாஞ்சிப் பெருந்தூபியின் நான்கு தோரண வாயில்களும் உலகப் புகழ் பெற்றவை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தூபியின் கட்டடப் பகுதிகளிலே, கொடையளித்தோரின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் பொறிக்கப்பட்டுள்ளன. வணிகரும் இல்லறத்தாரும் பிக்குகளும் பிக்குணிகளும் அவர்களுள் அடங்குவர். தெற்கு வாயிலின் ஒரு பகுதிச் செதுக்கு வேலையைச் செய்தோர் விதிசை நகரத்துத் தந்த வேலையாளர் என அங்குள்ள சாசனமொன்று கூறுகின்றது. நாள்தோறும் யானைத் தந்தத்தைக் குடைந்த கைகளே அக்கல்லையும் குடைந்தன. அவ்வாயிலின் அழகு ஓர் அரசனின் வீண்பெருமையாகக் கழிக்கப்படக்கூடியதன்று. தம்மிடமிருந்த சிறிதளவில் ஒரு பகுதியைத் தாமே பிரித்துக் கொடுத்தவர்களின் அழகு அது.

இதிலிருந்து ஒரு நெறி பெறப்படுகின்றது. தேவைகள் எஞ்சியிருக்கையில் அழகுக்குச் செலவிடுதல் தன்னளவில் குற்றமன்று. ஆயின் அவ்வாறு செலவிட முடிவு செய்யும் உரிமை, அதனால் எஞ்சும் குறையைச் சுமப்போருக்கே உண்டு. கிணற்றைச் சில காலம் தள்ளிவைத்து வளைவை எழுப்பலாம் என்று, தூரத்துக் கிணற்றிலிருந்து நீர் சுமக்கும் பெண் கூறுவாளாயின் அது துறவு. அவள் சார்பில் வேறொருவர் கூறுவாராயின் அது பறிப்பு. பொருளும் ஒன்று, தொகையும் ஒன்று. சொல்பவர் மாற அறம் மாறிவிடுகின்றது. கடல் கடந்து வாழ்வோர் தம் நினைவிலுள்ள ஊருக்கென அனுப்பும் பணத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அவர்களது அன்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் நினைவிலுள்ள ஊருக்குத் தாகம் எடுப்பதில்லை.

இனி, அழகு யாருக்காக என்னும் வினாவை நோக்குவோம். இங்கிலாந்தில் புகையிரதப் பாதைகள் பரவத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்த ஜோன் ரஸ்கின், 1849 இல் வெளியிட்ட 'கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்' என்னும் நூலில், புகையிரத நிலையங்களை அலங்கரிக்கும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். விரைவாகச் சென்றுவிட வேண்டும் என்ற எண்ணமன்றி வேறெண்ணமில்லாத மனிதன் நிற்குமிடத்தில் அழகை வைப்பது அழகையே அவமதிப்பதாகும் என்பது அவரது வாதம். அழகுக்கு ஓய்வு வேண்டும். நின்று பார்க்கும் கண் வேண்டும்.

ரஸ்கின் கண்ட புகையிரதத்தினும் வேகமாகச் செல்லும் வாகனங்களுக்கு அவர் வாதம் இன்னும் பொருந்தும். இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலையான தெற்கு நெடுஞ்சாலை, கொட்டாவையிலிருந்து காலிவரை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. 2014 இல் மாத்தறையையும் 2020 இல் அம்பாந்தோட்டையையும் அது சென்றடைந்தது. வயல்களையும் இறப்பர்த் தோட்டங்களையும் சிற்றூர்களையும் ஊடறுத்து, உயர்ந்த மண் அணைகளின் மீது அது செல்கின்றது. அதனால் இரண்டாகப் பிரிந்த கிராமங்களை மேம்பாலங்களும் சுரங்க வழிகளுமே மீண்டும் இணைக்கின்றன. அங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர். அவ்வேகத்தில் விரையும் வாகனம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். 200 மீற்றர் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் ஓவியமொன்று மேம்பாலத்தில் தீட்டப்படுமாயின், பயணி அதனைக் காணும் காலம் 7 விநாடிகளே. அதே பாலத்தின் மேலாகப் பாடசாலைக்குச் செல்லும் சிறுவனுக்கோ அது பத்தாண்டுக் காலத் துணை. அவன் காண்பது வெளிப்பக்கத்தை அன்று. நடக்கும் தளத்தையும் உட்சுவரையுமே அவன் காண்கிறான். பயணியின் 7 விநாடிக்காக வெளிமுகத்தைத் தீட்டி, சிறுவனின் பத்தாண்டுக்குரிய உள்முகத்தை வெறுஞ் சீமெந்தாக விட்டுவிடும் அழகுபடுத்தல், ஊரை அழகுபடுத்தியதாகுமா? ஊரைப் பார்ப்பவனின் பயணத்தை அழகுபடுத்தியது மட்டுமே ஆகும்.

இந்நெடுஞ்சாலையின் வரலாற்றிலே பிறிதொரு செய்தியும் உண்டு. சுற்றாடல் தாக்கம் மதிப்பிடப்பட்ட தடத்திலிருந்து பாதையின் இறுதித் தடம் சில இடங்களில் விலகியது. தமது கருத்தைக் கேளாமலே தம் காணிகளூடாகப் பாதை வகுக்கப்பட்டதென அவ்விடங்களில் வாழ்ந்தோர் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். 2004 இல் உயர் நீதிமன்றம் பொதுநலன் கருதிப் பாதையைத் தடுக்கவில்லையாயினும், அவர்களுக்குச் செவிசாய்க்காமை இயற்கை நீதிக்கு முரணானது எனக் கண்டு, நட்டஈடு வழங்கப்பணித்தது. ஒரு பாதையின் நன்மை எவ்வளவு பெரியதாயினும், அதனைத் தாங்கும் நிலத்தில் வாழ்வோரின் சொல்லுக்கு இடமளிக்கவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரமாகக் கொள்ளத்தக்கது. வீதிக்கு உரிய நீதி வீதியின் அலங்காரத்துக்கும் உரியதன்றோ? ஊரவரைக் கேளாது அமைத்த பாலத்துக்கு ஊரவரைக் கேளாது பூசிய வர்ணம், முதலிற் செய்த பிழையை மறைக்கும் இரண்டாவது பிழையாகவே அமையும்.

இவ்விடத்தில், வழிப்போக்கனுக்கென எதுவுமே செய்யவேண்டாவோ என்னும் ஐயம் எழலாம். தமிழர் மரபு இதற்கு வேறொரு விடையைத் தருகின்றது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலை கூரையுடைய வாயிலாகும். தெருவால் வருவோர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அங்கே இருக்கையும், தாகந்தீர்க்கத் தண்ணீர்ப் பானையும் இருந்தன. தலைச்சுமையோடு நடந்தோர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கி ஏற்றுவதற்குச் சுமைதாங்கிகள் நின்றன. கருவுற்ற நிலையிலே சுமையிறக்காது மாண்ட பெண்களின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கமும் இருந்தது. கால்நடைகள் உடலை உராய்ந்துகொள்ள ஆவுரோஞ்சிக் கற்களும் நாட்டப்பட்டன. பருத்தித்துறையிலே இன்றும் காணத்தக்க தெருமூடிமடம் இவ்வகையில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பெயருக்கேற்ப அது தெருவையே மூடி நிற்கும் மடம். இருமருங்கும் திண்ணைகளும் கற்றூண்களும் அமைய, மேலே கூரை வேய்ந்திருக்க, நடுவே வீதி ஊடறுத்துச் செல்கின்றது. பாதையின் குறுக்கே எழுப்பப்பட்ட கட்டடம் என்ற அளவில், அதுவும் ஒரு வளைவே, ஒரு மேம்பாலமே. ஆயின் அது தன்னைப் பார்க்குமாறு வழிப்போக்கனை அழைக்கவில்லை. தன்னுள்ளே அமருமாறு அழைத்தது.

இங்கு அழகு எங்கே இருக்கின்றது? தூணின் செதுக்கில் மட்டுமன்று, நிழலின் அளவிலும் திண்ணையின் உயரத்திலும் அது இருக்கின்றது. களைத்தவன் எவ்வளவு உயரத்தில் அமர விரும்புவான், சுமை சுமப்பவனின் தலைக்கும் கல்லுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று எண்ணிப் பார்த்த மனமே அக்கற்களுக்கு வடிவம் கொடுத்தது. கொழும்பிலே பிறந்து கீழைத்தேயக் கலைகளை உலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி, பயனிலிருந்து பிரிக்கப்பட்ட கலையை நவீன காலத்தின் நோயெனக் கருதியமைக்கான காரணம் இத்தகைய பொருள்களை நோக்குவோருக்கு எளிதில் விளங்கும். அதிவேகப் பாதையில் திண்ணை கட்ட முடியாதுதான். எனினும் அப்பாதையிலிருந்து ஊருக்குத் திரும்பும் சந்தியில் நிழல்மரமும் பேருந்துக்குக் காத்திருப்போருக்கு இருக்கையும் குடிநீரும் இரவில் ஒரு விளக்கும் அமைத்தல் இயலாத காரியமன்று. 'நல்வரவு' என்ற சொல்லை மட்டும் தாங்கி நிற்கும் வளைவு, வரவேற்கும் பொறுப்பை எழுத்துக்கு ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது.

மரபைப் போற்றும்போது அதன் இருளையும் மறைத்தலாகாது. மடமும் கிணறும் கேணியும் எல்லார்க்கும் பொதுவாக இருந்தன என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. யாழ்ப்பாணச் சமூகத்தில் எவர் எங்கே அமரலாம், எவர் எங்கே நீர் அள்ளலாம் என்பதைச் சாதியே தீர்மானித்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. எனினும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராடவேண்டியிருந்தது. கோயிற் கோபுரத்தைப் போல அழகுபடுத்தப்பட்ட வாயில் தமிழர் கட்டடக் கலையிலே வேறில்லை. தொலைவிலிருந்து எவர் கண்ணுக்கும் தெரியுமாறு அது உயர்ந்து நிற்கின்றது. அதன் கீழுள்ள கதவோ எவர் காலுக்கும் திறந்திருக்கவில்லை. எல்லாருடைய கண்ணையும் அழைத்துச் சிலருடைய காலைத் தடுக்கும் வாயில், எவ்வளவு அழகியதாயினும், வாயில் என்னும் பெயருக்கே முரணானது. இன்று ஊர் வளைவிலே பெயர் பொறிக்கப்படும்போதும், எந்தத் தெரு ஊருக்குள் சேர்க்கப்பட்டது, எந்தக் குடியிருப்பு வளைவுக்கு வெளியே விடப்பட்டது என்று கேட்பது இதனாலேயே அவசியமாகின்றது.

எஞ்சியுள்ளது உண்மை பற்றிய வினா. அலங்கரித்தல் வேறு, மறைத்தல் வேறு. இரண்டும் ஒரே தூரிகையால் செய்யப்படுவதால் எளிதில் மயங்குகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 1965 இல் இயற்றப்பட்ட நெடுஞ்சாலை அழகுபடுத்தற் சட்டம், பிரதான பாதைகளின் ஓரத்தில் விளம்பரப் பலகைகளைக் கட்டுப்படுத்தியது. பாதையிலிருந்து 1000 அடிக்குள் அமைந்த பழைய இரும்புக் கிடங்குகள் வேலியாலோ மரங்களாலோ மறைக்கப்படவேண்டும், அன்றேல் அகற்றப்படவேண்டும் எனவும் அது விதித்தது. பயணியின் கண்ணுக்கு அது நன்மையே. ஆயின் வேலிக்கு அப்பால் வசிப்பவருக்குக் கிடங்கு அங்கேயே இருக்கின்றது. இலங்கையிலும் 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலின் பின்னர் நாடெங்கும் இளைஞர் மதிற்சுவர்களில் ஓவியந் தீட்டினர். அவர்களுள் பலரது ஊக்கம் தூய்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயின் யாருடைய வரலாறு சுவரேறுகின்றது, யாருடையது வெள்ளையடிக்கப்படுகின்றது என்ற வினாவும் அவ்வேளையில் எழுந்தது. அது நியாயமான வினாவே.

இவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் செம்மணி. கண்டி வீதி வழியாக யாழ்ப்பாண நகருக்குள் நுழைவோரை அங்குள்ள வளைவு வரவேற்கின்றது. அவ்வளைவின் அயலிலேயே மனிதப் புதைகுழிகள் உள்ளன. பாடசாலை மாணவியொருவரின் கொலை வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட படைவீரர் ஒருவர், அப்பகுதியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என 1998 இல் நீதிமன்றத்திலே கூறினார். 1999 இல் நடைபெற்ற அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 2025 இல் அயலிலுள்ள சித்துப்பாத்தி மயானத்திலே கட்டட வேலையின்போது எலும்புகள் வெளிப்பட்டன. அதனையடுத்து, அவ்வாண்டில் நீதிமன்றக் கண்காணிப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. சிறுவர்களுடையனவும் அவற்றுள் இருந்தன. நிலத்தின் மேல் வரவேற்பு, நிலத்தின் கீழ் இவ்வுண்மை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் அழகு எத்தகையதாக இருத்தல் வேண்டும்?

வளைவை இடித்துவிடுதல் விடையன்று. துயருற்ற ஊருக்கும் விருந்தினரை வரவேற்கும் உரிமையுண்டு. ஏதுமறியாதது போன்று புதுவர்ணம் பூசி நிற்பதும் விடையன்று. அவ்விடத்து மக்களே ஒரு விடையைக் காட்டினர். 2025 யூன் மாதத்தில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினரும் பொதுமக்களும் செம்மணி வளைவின் அயலிலே அணையா விளக்கேற்றி, நீதி கோரி அமர்ந்தனர். எந்தச் சிற்பியும் அதனை வடிக்கவில்லை. எந்தச் சபையும் அதற்கு நிதி ஒதுக்கவில்லை. எனினும் அவ்வழியாற் சென்றோர் அன்று கண்டது ஊரின் மெய்யான முகத்தை. வளைவு அந்நாள்களில் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. உள்ளே வாழ்பவர் வெளியே செல்பவரோடு தம் வாயாற் பேசும் இடமாக, சொல்லின் முழுப்பொருளில் வாயிலாக, அது மாறிற்று.

வாயிலின் அழகு ஊர் தன்னைப் பற்றி அயலானுக்குச் சொல்லும் சொல்லாகும். எந்தச் சொல்லுக்கும் உரிய அறமே அதற்கும் உரியது. சொல்லுக்கு உரியவரே அதனைச் சொல்லவேண்டும். சொல்வது பொய்யாகாதிருத்தல் வேண்டும். கேட்பவனுக்கு அது ஏதேனும் நன்மை பயத்தல் வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. வருபவன் காண்பது ஒன்று. காலையில் வேலைக்குப் புறப்படும் ஊரவன் காண்பது மற்றொன்று. ஊரின் வாயிலை அழகுபடுத்த முனைவோர், சாலையின் நடுவே நின்று வெளிமுகத்தை நோக்குவதற்கு முன்னர், ஊரின் கடைசித் தெருவிலிருந்து நடந்து வந்து அதன் உள்முகத்தை நோக்குவாராக. அங்கிருந்து பார்க்க நாணவேண்டியிராத அழகே அறத்தோடு கூடிய அழகாகும்.